தெமட்டகொடைச் சந்தியிலே ஒரு பத்திரிகைக் கட்டு

கொழும்பு மாநகரைக் காண வருவோர் காலிமுகத்திடலைக் காண்பர். விகாரமகாதேவிப் பூங்காவைக் காண்பர். சைவ நன்மக்களாயின் செட்டியார்தெருக் கதிரேசனையும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசரையும் தரிசித்து, வெள்ளவத்தையிலே உறவினர் வீட்டில் உணவருந்தி ஊர் திரும்புவர். தெமட்டகொடையைக் காண்பதற்கென்று எவரும் வருவதில்லை. வடக்கிலிருந்து வரும் புகையிரதம் மருதானையை அணுகுமுன் வேகந் தளர்ந்து ஊரும்போது, பிரயாணிகள் பெட்டிகளை இறக்கும் அவசரத்திலே, சன்னலுக்கு வெளியே கரிபடிந்த கொட்டகைகளும் எண்ணெய் மினுங்கும் இயந்திரங்களும் தோன்றி மறைகின்றனவே, அதுதான் தெமட்டகொடை.

'தெமட்ட' என்பது சிங்களத்திலே குமிழ மரவினத்தின் பெயர். 'கொட' என்பது மேட்டு நிலம். குமிழ மரங்கள் நின்ற மேடு என்பதே பொருள். நாம் தமிழிலே எழுதும்போது ஈற்றில் ஓர் ஐகாரத்தைச் சேர்த்து அதனைக் 'கொடை' ஆக்கிவிட்டோம். மரமும் போயிற்று, மேடும் கட்டடங்களுக்குள் மறைந்தது, எஞ்சியிருப்பது நாம் சேர்த்த கொடை ஒன்றே. கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இத்தகைய அற்ப சந்தோஷங்கள் உண்டு, வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

இவ்வூரின் அழகை அறிய விரும்புவோர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரவேண்டும். பேஸ்லைன் வீதியிலே பாரவண்டிகளின் இரைச்சல் இன்னும் உச்சத்தை அடைந்திராது. பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் விகாரையின் பிரித் ஓதலும் ஒன்றன்பின் ஒன்றாய்க் காற்றிலே மிதந்து வரும். கால்வாய்ப் பக்கத்து வாடையையும் சொல்லத்தான் வேண்டும். அழகை மட்டும் சொல்லி வாடையை மறைப்பது ஊர்க்கட்டுரைக்கு நேர்மையன்று. அந்த வேளையிலே சந்தியருகில், மூடிக்கிடக்கும் கடையொன்றின் படியிலே, சாக்குத் துணியை விரித்து ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். ஊரெல்லாம் அவரை நானா என்றே அழைக்கும். சிறிய வான் ஒன்று வந்து கட்டுகளை வீசிவிட்டுப் போகும். கயிற்றை அறுத்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழிப் பத்திரிகைகளையும் ஒரே சாக்கின்மேல் அவர் அடுக்கும் வரிசையிலே ஒருநாளும் தவறு நேர்ந்ததில்லை. இத்தீவிலே மும்மொழிகளும் சச்சரவின்றி அருகருகே படுத்துறங்கும் இடம் அந்தச் சாக்கு ஒன்றுதானோ என்று நான் நினைத்ததுண்டு.

நானாவிடம் காசு கொடுத்து வாங்குவோரைப் போலவே, காசு கொடாது வாசிப்போரும் இருந்தனர். இரவு வேலை முடிந்து வரும் புகையிரதத் தொழிலாளர், மீன் வாங்கப் போவோர், முச்சக்கர வண்டிக்காரர் முதலியோர் குனிந்து நின்று தலைப்புகளை வாசித்துவிட்டு, ஒரு பெருமூச்சோ ஒரு சிரிப்போ விட்டு நடப்பர். அவர்களை நானா விரட்டியதில்லை. "பாக்கிறதுக்கு என்ன காசு?" என்பார்.

பத்திரிகைத் தொழிலோடு தெமட்டகொடைக்கு நேரடி உறவு இல்லை, அயலுறவு உண்டு. இங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தால் கிராண்ட்பாஸ் வீதி வரும். 1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி சுப்பிரமணியம் செட்டியார் தோற்றுவித்த வீரகேசரியின் பணிமனை அவ்வீதியிலேதான் நெடுங்காலமாக உள்ளது. இன்னுஞ் சற்று நடந்தால் புளூமெண்டால் வீதி. 1981ஆம் ஆண்டு தோன்றிய 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய ஏடுகளின் இருப்பிடம் அது. மேற்கே கோட்டைப் பக்கம் போனால் பேரை வாவிக் கரையிலே லேக் ஹவுஸ். 1932ஆம் ஆண்டு முதல் தினகரன் புறப்படும் இடம். ஆகவே, மை உலருமுன் பத்திரிகையைக் கையிலே பெறும் பாக்கியம் எங்கள் பகுதிக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கோ மட்டக்களப்பாருக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் புகையிரதத்தை எதிர்பார்த்திருந்தனர்.

புகையிரதம் என்றதும் என் தந்தையாரைச் சொல்லவேண்டும். அவர் புகையிரதப் பகுதியிலே இலிகிதராய் இருந்தவர். குடும்பம் யாழ்ப்பாணத்துக் கிராமத்திலே; அவர் தெமட்டகொடையிலே ஓர் அறையிலே. அக்காலத்து அரசாங்க உத்தியோகத்தர் பலரின் வாழ்க்கை அவ்வாறே கழிந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு 1954ஆம் ஆண்டளவிலே நன்கொடையாக வழங்கிய டீசல் இயந்திரங்களின் பெயர்களை அவர் பிள்ளைகளின் பெயர்களைப் போலச் சொல்வார். இரவுத் தபால் வண்டியிலே கோட்டை நிலையத்தில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றும் காட்சியை அவர் வருணிக்கக் கேட்டால், ஏதோ கோயிலிலே சுவாமி எழுந்தருளுவது போல இருக்கும். வண்டி பிந்தினால் வடக்கே ஒரு மாகாணமே நேற்றைய நாளிலே நின்றுவிடும் என்பார்.

1990ஆம் ஆண்டு அந்த வண்டியே நின்றது. மீண்டும் யாழ்ப்பாண நகருக்குப் புகையிரதம் சென்றது 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான். நான் பத்து வயதுச் சிறுவனாய் ஊரிலே இருந்த காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அரிது. கொழும்புப் பத்திரிகை வருவது கனவு. எனினும் 1841ஆம் ஆண்டிலேயே 'உதயதாரகை'யைக் கண்ட மண் வாளாவிருக்குமா? 1985ஆம் ஆண்டு தொடங்கிய 'உதயன்' முதலிய உள்ளூர் ஏடுகள், பத்திரிகைத்தாள் வடக்கே போகத் தடையிருந்த அந்நாட்களிலே, பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித்தாளிலே அச்சாகி வந்தன. எழுத்துக்களின் ஊடே கொப்பியின் கோடுகள் ஓடும். சாம் போத்தல் விளக்கின் ஒளியிலே அதனை வாசிப்பது கண்ணுக்குப் பெருந் தண்டனை. ஒரு பிரதியை ஒழுங்கை முழுவதும் வாசித்தது. எங்கள் வீட்டுக்கு அது வரும்போது மடிப்புகள் கிழிந்து, மூலைகள் வியர்வையிலே கறுத்து, நாலைந்து வீட்டுச் சமையலறை மணங்களையும் தாங்கி வரும். பத்திரிகை என்பது கைமாறும் பொருள் என்ற எண்ணம் எனக்கு அன்றே ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டு நாங்கள் இடம்பெயர்ந்து தந்தையாரின் தெமட்டகொடை அறைக்கு வந்தபோது, வழுவழுப்பான கோடில்லாத பத்திரிகையை நானாவின் சாக்கிலே கண்டு, அதைத் தொட்டுப் பார்த்தே வாங்கினேன்.

என் அன்னையார் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பவர். அரசாங்கம் கவிழ்ந்தாலும் கப்பல் கவிழ்ந்தாலும் அவருக்கு அது இரண்டாம் பட்சம். மரண அறிவித்தல்களே முதலாவது. சுட்டுவிரலை வைத்து ஒவ்வோர் ஊர்ப்பெயராக இறங்குவார். பிறந்த ஊர், புகுந்த ஊர், வாழ்ந்த இடம், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இலண்டனில் இருக்கும் இன்னாரின் தாய் என்று விரியும் அந்தச் சில வரிகளிலே, வீடுவிட்டு நாடுவிட்டுச் சிதறிய ஒரு சமூகத்தின் வமிச வரலாறு அடங்கியிருக்கின்றது. வருங்காலத்து வரலாற்றாசிரியன் எவனாவது எங்கள் சனங்கள் எங்கிருந்து எங்கே போயினர் என்று எழுத விரும்பினால், தலையங்கங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே முதலிலே புரட்டட்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பிலே அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நானாவின் சாக்கு விரியவில்லை. ஏடுகள் பல அச்சேறாது மின்னிதழாகவே வெளிவந்தன. அந்த ஏப்பிரல் மாதத்திலே, முதுமையின் தளர்ச்சியினாலே, என் தந்தையார் காலமானார். வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணலாம். தொறன்ரோவிலே இருக்கும் தமையனார் கைத்தொலைபேசியின் வழியாகவே இறுதிக் கிரியைகளைப் பார்த்து அழுதார். இணையத்தளம் ஒன்றிலே அறிவித்தல் வெளியாயிற்று. உறவினர் குழுக்களிலே அது சுற்றிவந்தது. அரைமணி நேரத்துக்குள் பாரிசிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் அனுதாபச் செய்திகள் வந்து குவிந்தன. அந்த உதவியை நான் குறைத்துச் சொன்னால் நன்றி கொன்றவனாவேன்.

ஆனால் அன்னையார் கேட்டார்: "பேப்பரிலை போடேல்லையோ தம்பி?"

"பேப்பர் அச்சடிக்கேல்லை அம்மா."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாதே."

பாரிசும் மெல்பேணும் அறிந்த பின்னரும் ஒருவருக்கும் தெரியாது என்று அவர் சொன்னது, துக்கத்திலே பிறந்த பிதற்றல் என்றே அன்று எண்ணினேன். அவரைத் தேற்றுவதற்காக, மறு ஆண்டு ஆட்டைத் திவசத்தின்போது, படத்தோடும் வீட்டு முகவரியோடும் நினைவஞ்சலி ஒன்றைப் பத்திரிகையிலே வெளியிட்டோம். அன்னையார் அதனைக் கத்தரித்துத் தம் தகரப் பெட்டியிலே வைத்தார். 1974ஆம் ஆண்டு வந்த தம் தந்தையாரின் மரண அறிவித்தலுக்கு மேலே அது இடம்பெற்றது.

அது நடந்து நாலைந்து மாதங்களுக்குப் பின், தபாலிலே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அப்புத்தளைப் பக்கத்திலே வசிக்கும் ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர். கை நடுக்கத்தோடு எழுதிய, ஆனால் பிழையில்லாத தமிழ். கடையிலே கருவாடு வாங்கினாராம். வீட்டிலே பொதியை அவிழ்த்தபோது, எண்ணெய் ஊறிய தாளிலே தமக்குத் தெரிந்த முகம் ஒன்று தம்மை நோக்கிச் சிரித்ததாம். 1971ஆம் ஆண்டு தெமட்டகொடையிலே என் தந்தையாரோடு ஒரே அறையிலே தங்கி, ஒரே அடுப்பிலே சமைத்தவர் அவர். இடமாற்றம் பெற்றுச் சென்ற நாளிலே மழை. தந்தையாரின் குடையை வாங்கிச் சென்றவர் திருப்பிக் கொடுக்கவேயில்லை. ஐம்பது ஆண்டுகளாக அது மனத்திலே உறுத்திக்கொண்டிருந்ததாம். கருவாட்டு நெடி வீசும் அத்தாளை எறிய மனமின்றி வெயிலிலே உலர்த்தி வைத்திருப்பதாகவும், குடைக்காக மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதியிருந்தார்.

அக்கடிதத்தை அன்னையாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. 'இப்போது விளங்கிற்றா?' என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். அவ்வளவே.

எங்களுடைய எந்தத் தொலைபேசிக் குழுவிலும் அந்தப் பெரியவர் இல்லை. அவர் இருப்பதையே நாங்கள் அறியோம். தந்தையாரின் பெயரை இணையத்திலே தேடவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கவும் மாட்டாது. கைத்தொலைபேசி, நாம் யாருக்கு அனுப்புகின்றோமோ அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கின்றது. யார் எதனைத் தேடுகின்றாரோ அவருக்கு அதனை எடுத்துக் காட்டுகின்றது. இவ்விரண்டிலும் அதனை மிஞ்ச எதுவும் இல்லை. யாருக்கும் அனுப்பப்படாமல், யாராலும் தேடப்படாமல், கருவாட்டைச் சுற்றிக்கொண்டு மலையேறி, போய்ச் சேரவேண்டிய ஒருவரிடம் போய்ச் சேர்வது தாளினால் மட்டுமே முடிந்தது. பத்திரிகையிலே உணவுப் பண்டங்களைப் பொதிவது உடல்நலத்துக்கு ஏற்றதன்று என்பதை அறிவேன். சுகாதாரப் பகுதியினர் என்மேல் கோபங்கொள்ள வேண்டாம்.

அச்சுப் பத்திரிகையின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று பேசுவோர் இன்று பலர். அவர்கள் கூற்றுக்குச் சான்று இல்லாமலில்லை. 1703ஆம் ஆண்டு தொடங்கிய வியன்னா நகரத்து 'வீனர் சைத்துங்' என்னும் நாளேடு, முந்நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதியோடு நாளாந்த அச்சுப்பதிப்பை நிறுத்தி இணையத்துக்குச் சென்றது. இங்கிலாந்தின் 'இன்டிபென்டன்ட்' 2016ஆம் ஆண்டிலேயே அவ்வழி சென்றுவிட்டது. இவையெல்லாம் தொலைவிலுள்ள துக்கங்கள். 1941ஆம் ஆண்டு தோன்றிய 'கல்கி' 2020ஆம் ஆண்டு அச்சை நிறுத்தி மின்னிதழானபோதுதான் எங்கள் வீட்டிலே இழவு விழுந்தது. தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்துப் புத்தகமாக்கிய தாய்மாரும் பாட்டிமாரும் இந்நாட்டிலே எத்தனையோ பேர். அவர்களுடைய ஊசிக்கு இனி என்ன வேலை? ஆயினும், மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். 2012ஆம் ஆண்டின் முடிவிலே அச்சுக்கு விடைகொடுத்த அமெரிக்க 'நியூஸ்வீக்' 2014ஆம் ஆண்டு மீண்டும் அச்சேறியது. இணையம் பெருகிய பின்னர், 2013ஆம் ஆண்டிலே, சென்னையில் 'தி இந்து' தமிழ் நாளேடு புதிதாய்ப் பிறந்தது. ஆகவே, சோதிடம் சொல்ல நான் ஆயத்தமில்லை.

நம் நாட்டிலே பத்திரிகையை நலியச் செய்தது கைத்தொலைபேசி மட்டுமன்று. ஒரு பிரதிக்கு நாம் கொடுக்கும் விலை, தாள், மை, அச்சு, ஏற்றியிறக்கல் ஆகிய செலவுகளுக்குப் போதாது. விளம்பரக்காரரே மீதியைச் சுமந்தனர். காணி விற்பனையும் மணமகன் தேவையும் இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்தத் தோள் தளர்ந்தது. தாளோ இறக்குமதிப் பொருள். 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது தாளும் வற்றியது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாளில்லாமையால் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாதக் கடைசியிலே நமது அயலாராகிய 'த ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் அச்சுப்பதிப்புகள் தாள் தட்டுப்பாட்டினால் இடைநிறுத்தப்பட்டன. கொப்பித்தாளிலே பத்திரிகை வாசித்து வளர்ந்த எனக்கு, கொப்பிக்கே தாளில்லாத காலத்தையும் காணும் விதி வாய்த்தது. ஏடுகள் பக்கங்களைக் குறைத்தன, விலையைக் கூட்டின. வாங்கும் பழக்கத்தை அந்நாட்களிலே விட்டவர் பலர் திரும்பி வரவில்லை என்பார் நானா.

என் மகள், பத்தாம் வகுப்பிலே படிக்கின்றாள், பாட்டிக்கு ஒரு யோசனை சொன்னாள். மின்னிதழைத் தானே நாள்தோறும் வாசித்துக் காட்டுவதாகவும், எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம் என்றும் கூறினாள். ஒரு வாரம் அவ்வாறு நடந்தது. எட்டாம் நாள் அன்னையார், "பிள்ளை, நீ வாசிக்கிறது நல்லாயிருக்கு. ஆனா நீ எனக்குத் தேவையெண்டு நினைக்கிறதைத்தான் வாசிக்கிறாய். எனக்கு எல்லாத்தையும் பார்க்கவேணும்" என்றார். பேத்தியின் முகம் வாடிற்று. கிழவியின் பிடிவாதம் என்று மனைவியும் முணுமுணுத்தாள். எனக்கோ, பல்கலைக்கழகத்துச் சொற்பொழிவுகளிலே கேட்டிராத ஓர் உண்மையைக் கேட்டதாகப்பட்டது.

எனினும், தாளைப் பற்றி மட்டும் புகழ் பாடுவது முறையன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 'ஈழநாடு' பத்திரிகையின் பணிமனையும் அதே நாட்களிலே எரிந்தது. ஒரே பிரதியாய் இருந்தவை ஒரே இரவிலே அழிந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்திலே, தன்னார்வம் கொண்ட இளைஞரின் உழைப்பினாலே, பழைய ஈழத்து ஏடுகளும் இதழ்களும் ஒளிப்படி எடுக்கப்பட்டு, உலகின் எம்மூலையிலிருந்தும் வாசிக்கத்தக்கனவாய் உள்ளன. அவற்றை எரிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதாது. என் மாணாக்கர் சுவடிக்கூடத்தின் படியேறாமலே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகின்றனர். இது சிறிய காரியமா?

ஆனால் மின்னெழுத்துக்கும் ஒரு கறையான் உண்டு. 2002ஆம் ஆண்டு ஏப்பிரலிலே ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, இணையத்தில் வெளிவந்த தமிழ்ச் செய்திகளை ஆர்வத்தோடு ஒரு தட்டிலே சேமித்து வைத்தேன். அண்மையிலே அதனைத் திறந்தால், தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாய்க் கிடந்தன. அக்காலத்திலே ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. நம்மவரிடையே 'பாமினி' பெருவழக்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே அப்பக்கங்கள் வெறும் கிறுக்கல். ஒருங்குறி என்னும் பொதுமுறை பரவிய பின்னரே இந்தத் தொல்லை தீர்ந்தது. மாணவன் ஒருவன் மாற்றியொன்றின் உதவியாலே என் செய்திகளை மீட்டுத் தந்தான். அவன் இல்லாவிட்டால் அவை போனவைதாம். அன்னையாரின் தகரப் பெட்டியிலுள்ள 1974ஆம் ஆண்டுத் துண்டை வாசிக்க எந்த மாணவனும் வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி ஒன்று போதும். தாளைக் காப்பதற்குக் கூரை வேண்டும். மின்னெழுத்தைக் காப்பதற்கு மனிதன் வேண்டும். அந்த மனிதனுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று நம் பத்திரிகை அதிபர்கள் இப்பொழுதே சிந்திக்கவேண்டும். அச்சிட்ட ஏடாவது தேசிய சுவடிக்கூடத்திலே தங்குகின்றது. நேற்று மாலை இணையத்திலே தோன்றி இன்று காலை மறைந்துவிட்ட செய்திக்கு எந்தக் கூடம்?

எங்கள் ஊர் இயந்திரக் கொட்டகையிலே பழைய நீராவி இயந்திரங்கள் சில பேணப்பட்டு, விசேட உல்லாசப் பயணங்களுக்கு ஓடியதுண்டு. அதுபோலப் பத்திரிகையும் இனி ஞாயிற்றுக்கிழமைகளிலே மட்டும் ஓடும் அலங்கார வண்டியாகிவிடும் என்று சகபாடி ஒருவர் ஆசிரியர் அறையிலே கேலி செய்தார். கேலியானாலும் அதிலே பொருள் உண்டு என்றே நினைக்கின்றேன். அவசரச் செய்திக்கு இனி எவரும் விடியும்வரை காத்திரார். ஆறவமர வாசிப்பதற்கும், பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரித்தெடுத்து மாற்றிக்கொள்வதற்கும் ஞாயிறு ஏடு இன்னும் நெடுநாள் நிற்கலாம். நின்றால், நாட்டு நடப்போடு ஊர் நடப்பையும், இறந்தாரையும், மணந்தாரையும், திருவிழாக்களையும் சேர்த்துக் கொண்டே நிற்கவேண்டும். அவற்றை இழந்த தாளைக் கருவாட்டுக்கடைக்காரரைத் தவிர வேறெவரும் தேடமாட்டார்.

சென்ற மாதம் நானா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அது வழக்கமன்று.

"சேர், இந்த மாசத்தோட நிப்பாட்டப் போறன். கால் ஏலாது. மகன்மார் இந்த வேலைக்கு வரமாட்டாங்க. கட்டும் முந்தி மாதிரி இல்ல, பாருங்க."

பார்த்தேன். இரு கைகளாலும் தூக்கமுடியாதிருந்த கட்டு இப்போது ஒரு கக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. இன்னும் எத்தனை நாள் குந்தியிருக்கச் சொல்வது? பிள்ளைகளின் நலம் விசாரித்தேன். வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை. புறப்படும்போது அவரே, "உங்கட லேன்ல நாலு வீட்டுக்குத்தான் கொண்டு போய்ப் போடுறது. நாலும் வயசாளிகள். அவங்களுக்கு மட்டும் என்ன செய்யிறதெண்டு யோசிக்கிறன்" என்றார்.

அந்த நால்வரிலே ஒருவர் என் அன்னையார்.

இப்போது ஞாயிறுதோறும் அதிகாலையிலே மருதானைப் பக்கத்து முகவரிடம் நடந்து சென்று நாலு ஏடுகளை வாங்கி வருகின்றேன். கல்லூரி ஆசிரியர் பத்திரிகை போடுகின்றார் என்று ஒழுங்கையிலே சிலர் நகைக்கின்றனர். என் மாணவன் ஒருவன் எதிர்ப்பட்டு வெட்கத்தினாலே தலையைக் குனிந்துகொண்டான். முதல் வீட்டிலே ஒரு முஸ்லிம் மூதாட்டி. அவருக்குத் தமிழ் ஏடு. இரண்டாவது எங்கள் வீடு. மூன்றாவது வீட்டுக்கு ஆங்கிலம். கடைசி வீடு, முன்னாளிலே இயந்திரம் ஓட்டிய சிங்களப் பெரியவருடையது, அவருக்குச் 'சிலுமின'. சென்ற வாரம் மழையினாலே நான் போய்ச் சேர ஏழு மணியாயிற்று. அவர் படலையிலே கையை ஊன்றி நின்றார். தம் பழைய கைக்கடிகாரத்தை எனக்கு உயர்த்திக் காட்டி, நாற்பத்தைந்து நிமிடம் தாமதம் என்றார்.